அம்மாவின் படங்கு

மாத்தளைக் கடையொன்றில் நனைந்த சாக்கு மணத்தது. அந்த மணம் என்னைச் சின்ன வயதுத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று பெரிய வெள்ளி. பாடுகளின் நாடகத்தில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா அம்மாதான். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லீவு கொடுக்கவில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டதும் மலையிலிருந்து நேரே ஓடிவந்தாள். நாடகத்துக்கான வெள்ளைத் துணி லயத்து வீட்டிலேயே கிடந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, இயேசுவாக வந்த சித்தப்பாவின் முகத்தைத் துடைத்தாள். அவர் கன்னத்தில் தேயிலைக் கறை ஒட்டியது. சினிமா மெட்டில் போய்க்கொண்டிருந்த பாட்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

ஃபாதர் அந்தப் படங்கை வாங்கி, வெறுமையாயிருந்த பீடத்தில் விரித்தார். சனங்கள் வரிசையாக வந்து முத்தமிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் குனிந்தார்.

கடைசியில் அம்மா போய் மெதுவாகக் கேட்டாள்.

"ஃபாதர், அதத் தந்துடுங்க. நாளைக்கும் மலைக்குப் போகணும்."