நான் வளர்த்த சீக்கு வரிசை

கருவேல முள் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தைத் திருத்தியவன் நான். கிணறு வெட்டினேன், தண்ணீர் வராது என்று சிரித்தவர்கள் பிற்பாடு அதே கிணற்றில் குடம் நிரப்பினார்கள். மாடி வீடு கட்டினேன். சொட்டுநீர்க் குழாய் போட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். இத்தனை செய்தவன் ஒரு சீக்கையும் வளர்த்தேன் என்றால் உத்திரமேரூர்ப் பக்கம் சிரிக்கிறார்கள்.

எங்கள் மேட்டில் தக்காளி போட்டால் வெள்ளை ஈ வந்துவிடும். ஒரு செடியின் வைரஸை உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். இலை சுருண்டு, செடி குட்டையாகி, காய் பிடிக்காது. அதைத் தாங்கும் என்று ஒரு விதைக் கம்பெனி புது ஹைபிரிட் கொண்டுவந்தது. சோதனைக்கு என் நிலத்தைக் கேட்ட வேளாண்மை ஆபீஸ் மேடம் காரணத்தை ஒளிக்கவில்லை: "ஐயா, உங்க நிலத்துலதான் இந்த நோய் தவறாம வருது." பெருமையாகத்தான் இருந்தது.

புது ரகத்தின் பக்கத்திலேயே நோய் தாங்காத பழைய ரகம் ஒரு வரிசை நட வேண்டும். இரண்டுக்கும் மருந்தடிக்கக் கூடாது. பழையது படுத்தால்தான் புதியது நிற்பதற்கு மதிப்பு.

பக்கத்து நிலத்துப் பங்காளிக்கு வரப்பில் நின்று கேலி பேசுவதே வேலை. "இன்னாண்ணே, பியூட்டி பார்லர் வச்சிகினியா? செடிங்க எல்லாம் சுருட்டை முடியா கீது! மருந்துக்கு வக்கில்லன்னா சொல்லு, நான் அடிச்சி வுடறேன்."

"கிட்ட வந்தே, ஒன்மேலயே அடிச்சிடுவேன்" என்றேன்.

கண்ணெதிரே ஒரு வரிசை சாவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது கம்பெனிக்காரருக்கு வருமா? ஷூவில் சேறு படாமல் வரப்போடு திரும்புகிற ஆள் அவர்.

இரண்டு ரகத்தையும் சுற்றுவட்ட விவசாயிகளுக்குக் காட்டும் வயல்விழாவன்று காலை ஷாமியானா கட்டுகிறவரோடு பேசிவிட்டுத் திரும்பினால், என் மனைவி சீக்கு வரிசையைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருக்கிறாள்!

"அய்யய்யோ, இன்னாடி பண்றே?"

"நாலு பேரு வர்ற நேரத்துல இத்த வச்சிகினு இருப்பாங்களா? மானம் போவுது."

"அத்தக் காட்டத்தாண்டி வரச் சொல்லிக்கீது!"

"சீக்கப் பாக்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுய்யா."

நான் மறித்தபோது கடைக்கோடியில் நாலைந்து செடிகள்தான் மிச்சம்.

கூட்டம் வந்தது. கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்து விதையைப் புகழ்ந்து தள்ளினார். சுருட்டை முடி என்று சிரித்ததையே மறந்தவன்போல் பங்காளி எழுந்தான். "இந்த வருசம் ஈயே வரல சார். ஈ வராட்டி எந்தச் செடியும்தான் பச்சையா இருக்கும்." கூட்டம் தலையாட்டியது. கம்பெனிக்காரர் நோட்டீஸ் கொடுத்தார். மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாரையும் மிச்சச் செடிகளிடம் கூட்டிப்போனேன். ஒன்றைத் தட்டினேன், விபூதி பறப்பதுபோல் ஈ எழும்பியது. முழங்கால் உயரம்கூட இல்லை, காயும் இல்லை. பக்கத்துப் புது ரகத்தைத் தட்டினேன். அங்கும் அதே ஈ. செடி மட்டும் இடுப்பளவு நின்றது, கொத்துக் கொத்தாய்க் காயோடு. பங்காளி குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெத எங்கண்ணே கெடைக்கும்?"

மறுவாரம் என் நிலத்தில் பலகை நட்டார்கள். ரகத்தின் பெயர், கம்பெனி முத்திரை, சிரிக்கிற தக்காளி. தக்காளிக்குக் கண்ணும் வாயும் வரைய இடமிருந்தது. என் பெயருக்கு இல்லை. கம்பெனிக்காரரே, விதை உங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். அது தாங்கிய நோய் என்னுடையது. மருந்தடிக்காமல் காத்து, பெண்டாட்டி கையிலிருந்து மீட்ட நோய். பலகையில் என் பெயரை எழுதுங்கள். கீழே 'நோய் வளர்த்துக் கொடுத்தவர்' என்று போடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம், ரோட்டிலிருந்து படிக்கத் தெரியவேண்டும்.