தளத்தைத் தட்டிப் பார்த்தவர்

மல்லிகா அம்மையார் காலமான செய்தியை அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பாம். ஏரிக்கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த நான் கையைக் கழுவிக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன்.

அம்மையார் கட்டடப் பொறியாளர். விலைக்கு வரும் வீடுகளைப் பரிசோதித்து, என்ன பழுது, வாங்கலாமா என்று சொல்வதே அவர் தொழில். அப்படி ஒரு வேலை இருப்பதே எங்கள் கோட்டைக்குப்பத்தில் பலருக்குத் தெரியாது.

போன மழைக்காலத்துக்கு முன் திருப்பாலைவனத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. புதுப் பெயின்ட், பளிச்சென்று இருந்தது.

"இதுல பாக்க இன்னா இருக்கு?" என்றார் என் கணவர்.

பக்கத்து வீட்டுச் சுவர் புயலில் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். மனம் கேட்கவில்லை. அம்மையாரை அழைத்தேன்.

படுக்கையறையில் அவர் நீண்ட கம்பால் தலைக்கு மேலிருந்த கூரைத் தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை பொத்தென்று மாறியது. மறுபடி தட்டினார். அவர் முகம் வெளிறிவிட்டது. நேர் கீழே கட்டிலில், வீட்டுக்காரர் ஏழுமலையின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கொயந்தைய தூக்குங்க. எல்லாரும் வெளிய வாங்க!"

ஏழுமலைக்குக் கோபம். "புடிக்கலன்னா போங்க. வாங்க வர்றவங்க மனசக் கெடுக்காதீங்க."

அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "இவங்க வாங்காம போயிடுவாங்க நைனா. இன்னிக்கு இதுக்குக் கீழ படுக்கப் போறது நீங்கதான். உப்பு மணல்ல கட்டியிருக்காங்க, உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப்போச்சு. எப்ப விழும்னு என்னால சொல்ல முடியல. அதான் பயமா இருக்கு."

அவர் பயந்ததைப் பார்த்துத்தான் ஏழுமலையின் மனைவிக்கும் நடுக்கம் வந்தது. அன்றே மகளுடன் தாய்வீடு போய்விட்டார். ஏழுமலை முறைத்துக்கொண்டே கூடத்தில் பாய் விரித்தார்.

முதல் பெருமழையில், பட்டப்பகலில், சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து மின்விசிறியோடு கட்டில்மேல் விழுந்தது. கட்டில் முறிந்து கிடந்ததை நானும் போய்ப் பார்த்தேன். தலையணை அப்படியே இருந்தது.

ஏழுமலை அம்மையாரையே மறுபடி அழைத்தார். தளத்தை இடித்து, ஆற்று மணலில் புதிதாகப் போட்டு, அவர் சரியென்ற பிறகே எங்களுக்கு விற்றார். சாவி வாங்கிய அன்று அம்மையார், "மழை பேஞ்சா மேல பாரும்மா. ஈரம் தெரிஞ்சா உடனே கூப்புடு" என்றார்.

பொன்னேரியில் அவர் காலடியில் ஏழுமலையின் மகள் சாமந்திப்பூ வைத்தாள். பூ சரிந்தது, திரும்ப எடுத்து வைத்தாள்.

அம்மையாரே, சமையலறை மூலையில் இரண்டு நாளாக ஈரம் தெரிகிறது. உங்களைக் கூப்பிடத்தான் இருந்தேன். நாளை வேறொரு பொறியாளர் வருகிறார். அவர் தட்டும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன், பயத்தோடுதான். போய் வாருங்கள்.