தரை இல்லாத கிரகம்

எங்கள் பள்ளி வேப்பமரத்தில் நெப்டியூன் தொங்கிய காலைப்பொழுதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வந்துவிடும். கடத்தூர் பக்கத்து அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. தலைமையாசிரியருக்கு அது பணியின் கடைசி ஆண்டு. அறிவியல் கண்காட்சியில் ஒரு பரிசாவது வாங்கிவிட்டுத்தான் போவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். சூரியக் குடும்பத்தின் கோடியில் இருக்கும் அந்த நீல வாயுக்கோளை ஒரே ஒரு விண்கலம்தான் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறது என்று நான் சொன்னதும், "அதையே செஞ்சிடலாங்க டீச்சர்" என்று துள்ளினார்.

நிறமில்லாத பெரிய பலூனுக்குள் நீலக் கோலப்பொடியைக் கொட்டி ஊதினோம், கோள் தயார். வாளி மூடியும் குடைக்கம்பியும் சேர்ந்து விண்கலமாயின. மரத்தை ஒட்டிப் போகும் கொடிக்கயிற்றில் அதைக் கோத்து, கோளை உரசாமல் கடந்துபோகும்படி கட்டியிருந்தேன். தலைமையாசிரியர் சாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அத்தனை வருசம் போயி இறங்காம வர்றதாங்க? வூட்டு வாசல் வரைக்கும் போயிட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காம திரும்பற மாதிரி இருக்குது."

"இறங்கத் தரையே இல்லைங்க சார். முழுக்கக் காத்துதான்."

எனக்குப் பாடம் சரியாகத் தெரியவில்லையோ என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த முறை கண்காட்சி எங்கள் பள்ளியிலேயே நடந்தது. மாவட்டக் கல்வி அதிகாரி மரத்தடியில் வந்து நின்றார். விண்கலத்தை இழுத்துவிடும் பொறுப்பைச் சார் தானே எடுத்துக்கொண்டார். விண்கலம் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்: யாரோ கொடிக்கயிற்றைக் கோளின் பக்கமாக ஒரு சாண் தள்ளிக் கட்டியிருந்தார்கள். யாரென்று கேட்கத் தேவையில்லை. நான் கத்துவதற்குள் குடைக்கம்பி கோளைக் குத்திவிட்டது.

வெடித்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அதிகாரியின் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மீசை எல்லாம் நீலம். பக்கத்தில் நின்ற சாரும் தப்பவில்லை. பரிசு போகட்டும், மெமோ வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

சார் தொண்டையைச் செருமினார். "பார்த்தீங்களாங்க ஐயா? தரையே கிடையாதுங்க. வெறுங்காத்துதான்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்த விண்கலம் என்ன ஆச்சு?" என்றார்.

எல்லோரும் திரும்பினோம். இழுத்த வேகத்தில் வாளி மூடி சத்துணவுக்கூடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"அது நிக்காதுங்க. போய்க்கிட்டே இருக்குமுங்க" என்றார் சார்.

அதிகாரி சிரித்ததில் மீசையிலிருந்து பொடி உதிர்ந்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. சார் சட்டையைக்கூட மாற்றாமல், நீலமாகவே பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

இப்போது மொரப்பூரில் ஓய்வாக இருக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"டீச்சர், அந்த நெசமான விண்கலம் இப்ப எங்க போய்க்கிட்டு இருக்குது?"

"கோளெல்லாம் தாண்டி ரொம்ப தூரம் போயிடுச்சுங்க சார்."

"இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

மறைக்க முடியாத பொறாமையோடு கேட்டார்: "அதுக்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாதாங்க?"