அவளைக் குத்திய மன்றாட்டு

எங்கள் தெருவில் நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவள் நான்தான். நானாகச் சொல்லிக்கொள்வதல்ல, அன்பியத்தில் எல்லோரும் சொன்னது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லி, சுண்டலும் டீயும் சாப்பிட்டுக் கலைவோம். அதுதான் அன்பியம். என் மன்றாட்டை முதல் நாளே காய் நறுக்கும்போது யோசித்து வைத்துவிடுவேன். திருத்தந்தையில் ஆரம்பித்துத் தெருவிளக்கு வரை ஒன்றையும் விடமாட்டேன்.

பிறகு எதிர்வீட்டுக்கு அவள் குடிவந்தாள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. என் வயதுதான். சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம். ஞாயிறு பூசைக்கு என் வண்டியில்தான் அவளும் வருவாள்.

முதல்முறை அன்பியத்தில் அவள் முறை வந்தபோது, வேலைக் களைப்போடு கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க மாமியார என்னால நேசிக்க முடியல. நடிச்சிகினு இருக்கேன். உதவி பண்ணும்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் எல்லோரும் அவள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மாமியாரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு ஜெபமா? எனக்கும்தான் மாமியார் இருக்கிறார்!

ஒரு வருடம் இப்படியே பொருமினேன். அன்பியம் என் வீட்டில் நடந்த மாதம் அடக்கமுடியவில்லை. "பிறர் பாராட்டுக்காக ஜெபிப்பவர்கள் மனம் மாறவேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்றேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

மற்றவர்கள் போனதும் டீ டம்ளர்களைக் கழுவ அவள் நின்றுகொண்டாள்.

"அது என்னத்தானே சொன்ன?"

"பொதுவா சொன்னேன்."

"பொய் சொல்லாத. எம்மேல கோவம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஆண்டவர நடுவுல நிக்கவெச்சி என்னக் குத்தாத."

இன்னொரு பொய் சொன்னால் அடுத்த ஞாயிறு அவள் என் வண்டியில் ஏறமாட்டாள் என்று தெரிந்தது. பயந்துபோனேன்.

"பொறாமைடி," என்றேன். "நீ ஜெபிச்சா அழறாங்க. நான் ஜெபிச்சா டீ எப்ப வரும்னு பாக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. "இதப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. மாதம் தவறாமல் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் போகிறவள் நான். கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்காக இருந்தேன் என்று அதே இரண்டை ஒப்பித்துவிட்டு வருவேன்.

"வர்ற சனிக்கிழம சொல்லு. நானும் வர்றேன். எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு."

சனிக்கிழமை மாலை கோயிலில் சொன்னேன். பொறாமை என்ற சொல்லை ஃபாதர் காதில் போடுவதற்குள் அந்தப் பழைய இரண்டையும் இரண்டு முறை ஒப்பித்துவிட்டேன். அழுதுகொண்டே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்து அவள் போனாள். இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். எனக்கு மறுபடியும் எரிந்தது. இந்த முறை ஒளிக்கவில்லை.

"உனக்கு இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிடுச்சேன்னு பொறாமையா இருக்குடி," என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்திரு," என்றாள். "போய் மறுபடி வரிசையில நில்லு."

போய் நின்றேன்.