ராசாங்கம் ஊதிய தண்ணீர்

ராசாங்கத்துக்குக் காசநோய் முற்றிலும் குணமாகிவிட்டதென்று 1983ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் டாக்டர் அறிவித்தார். அந்தச் செய்தி இரண்டு இடங்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒன்று, ராசாங்கத்தின் நுரையீரல். மற்றொன்று, அவருடைய ஊராகிய குரும்பலூர்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். தலையில் கட்டைச் சுமந்துகொண்டு, வாயில் பாட்டோடு லாரிப் பலகையில் ஏறக்கூடியவர். ஒன்றரை ஆண்டு ஊசியும் மாத்திரையும் கிருமிகளைக் கொன்றன. கிருமிகளும் சும்மா போகவில்லை; வலப்பக்க நுரையீரலின் அடிப்பாகத்தைத் தழும்பாக்கிவிட்டுப் போயின. வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. அதைக் கேட்டவர்கள், நோய் இன்னும் உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். எக்ஸ்ரேயைவிட அவர்களுடைய காது கூர்மையானது.

அவருடைய அலுமினியத் தட்டும் டம்ளரும் கொல்லைச் சுவரில் தனி ஆணியில் தொங்கின. மனைவி இருசம்மாள் அவற்றை உள்ளே கொண்டுவந்து வைத்தால், பார்க்க வரும் உறவினர்கள் அந்த வீட்டுக் காப்பியைக் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மற்றபடி அவர்களுக்குப் பாசத்தில் குறைவில்லை. முட்டையும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். நிலைப்படிக்கு வெளியே நின்று கையை நீட்டிக் கொடுப்பார்கள். நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டே தெரு முனை வரை நடப்பார்கள்.

தங்கை பொன்னாயியின் மகனுக்கு ஆவணியில் காது குத்துவதென்று முடிவானபோதுதான் ராசாங்கம் எழுந்து உட்கார்ந்தார். ரஞ்சன்குடியில் பொன்னாயியின் புகுந்த வீட்டாருக்குக் குலதெய்வக் கோயில் இருக்கிறது. தாய்மாமன் பிள்ளையைப் பஸ் ரோட்டிலிருந்து கோயில் வரை தோளில் தூக்கிச் சென்று, மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். பொன்னாயிக்கு அண்ணன் என்று இருப்பவர் ராசாங்கம் ஒருவரே. ஆனால் அவள் மாமியார் ஆண்டாயி, மடிக்கு ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பார்த்துவிட்டதாகவும், ராசாங்கம் சீரை மட்டும் அனுப்பினால் போதுமென்றும் சொல்லி அனுப்பினார். நோய் மடியில் ஒட்டும், சீர்வரிசைத் தட்டில் ஒட்டாது என்பது அந்த அம்மாளின் மருத்துவக் கருத்து.

பொன்னாயி நேரில் வந்தாள். அழவில்லை.

"மூச்சு வாங்காம அவனைத் தூக்கிட்டு நடந்து காட்டுண்ணே. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ராசாங்கம் திருச்சிக்குப் பஸ் ஏறினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தர்மராஜ் என்பவர், நுரையீரல் தழும்பானவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ராசாங்கத்தைப் படுக்கச் சொல்லாத முதல் மனிதர் அவர்தான். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். காலியான குளுக்கோஸ் பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ரப்பர் குழாயை உள்ளே விட்டு, குமிழி வர ஊத வேண்டும். தினமும் சற்றுக் கூடுதலாக நடக்க வேண்டும்; மூச்சு முட்டிய பிறகு நிற்பதைவிட, முட்டுவதற்கு முன்பே நின்று ஊதிவிட்டு நடப்பதுதான் கெட்டிக்காரத்தனம். பாட்டில் தண்ணீரை அன்றன்றைக்கே கொட்டிவிட வேண்டும், வேறு யாரும் குடித்துவிடக் கூடாது என்று தர்மராஜ் எச்சரித்தபோது ராசாங்கம் சிரித்துவிட்டார்.

"என் டம்ளரையே யாரும் தொடமாட்டாங்க சார். இதைக் குடிக்க எவன் வரப்போறான்?"

மறுநாள் விடியற்காலையிலிருந்து அவர் கொல்லை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊதத் தொடங்கினார். உட்காரும் கல் கிழக்குப் பார்த்துக் கிடந்ததால் அவரும் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீர் கொப்பளித்தது.

அடுத்த வீட்டுப் பச்சையம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து இதைப் பார்த்தாள். அவள் மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று சந்தேகம். பயந்த பிள்ளைக்குத் தண்ணீரில் மந்திரம் ஓதி ஊதித் தெளிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். விடியலில், கிழக்கு முகமாக, வேம்பின் அடியில், வாய் முணுமுணுக்கத் தண்ணீரை ஊதும் மனிதன் வேறு என்னதான் செய்துகொண்டிருக்க முடியும்? அவள் சொம்போடு வந்து நின்றாள். இது ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சி என்று ராசாங்கம் எடுத்துச் சொன்னார். வித்தை தெரிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வது வழக்கமில்லை என்று அவளும் மரியாதையாக எடுத்துச் சொன்னாள். அவர் எரிச்சலோடு தண்ணீரை மரத்தடியில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அவள் அந்த ஈர மண்ணை வழித்துக்கொண்டு போய்ப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. முதல் நாள் நர்சம்மா கொடுத்திருந்த மாத்திரையை யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பெரம்பலூர் வரை பயணம் செய்தவர்கள், இப்போது அவர் வாய்க்கு நேரே தலையைக் கொடுத்துக் குனிந்தார்கள். ராசாங்கம் ஒருவருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை, எவரிடமும் தேங்காய் பழம் வாங்கவில்லை. அந்தப் பற்றற்ற தன்மை அவர் புகழை இரட்டிப்பாக்கியது. ஊதுவதை நிறுத்தியிருந்தால் பேச்சு அடங்கியிருக்கும். ஆனால் மூச்சும் அடங்கியிருக்கும், ஆவணியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊதினார். உமி மூட்டையைத் தோளில் வைத்து ஏரிக்கரையில் நடந்தார். பிறகு உமிக்குப் பதில் நெல்லை வைத்து நடந்தார். இருசம்மாளுக்கு வேறு கவலை.

"மண்ணை அள்ளி அள்ளி வேரு தெரியுது. மரம் வூட்டு மேல சாஞ்சா அதுக்கும் நீதான் ஊதணும்."

டாக்டரின் சொல் மாதக்கணக்கிலும் எட்டாத ரஞ்சன்குடிக்கு இந்தச் செய்தி ஒரே வாரத்தில் எட்டியது. ஒன்றுவிட்ட மாமன் நீக்கப்பட்டார். தாய்மாமன் இருக்கும்போது வேறு மடி எதற்கு என்று ஆண்டாயி நியாயம் பேசினார். தமக்கு முழங்காலில் வலி இருப்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஆவணியில் பிள்ளையைத் தோளில் வாங்கியபோது, நெல் மூட்டை உதைக்காது என்பது ராசாங்கத்துக்கு நினைவு வந்தது. பஸ் ரோட்டிலிருந்து மேளம் முன்னே போயிற்று. கோயிலுக்கு முன்னால் வழி மேடாக ஏறியது. பாதி மேட்டில் நெஞ்சு இறுகத் தொடங்கியது. பொன்னாயி பிள்ளையைப் பார்க்கவில்லை. அண்ணன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நடந்தாள். முட்டுவதற்கு முன்பே நிற்க வேண்டும். அவர் நின்றார். உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஊதினார்.

மேளம் நின்றது. சித்திரையில் இதே மூச்சைக் கேட்டு விலகியிருக்கக்கூடிய கூட்டம், கையெடுத்துக் கும்பிட்டது. ஆண்டாயி பேரனின் நெற்றியை அவர் வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டார்.

"அத்தே, இது மந்திரம் இல்லீங்க. மூச்சு முட்டக் கூடாதுன்னு ஊதுறேன்."

"தெரியுது தம்பி. சக்தி உள்ள ஆளுக்கு முட்டத்தானே செய்யும்."

ராசாங்கம் பதில் பேசி மூச்சை வீணாக்காமல் நடந்தார். கோயில் வாசலில் மணைப்பலகையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தினார். ஆசாரி காதைக் குத்தினார். பிள்ளை அலறியதிலிருந்து, அவன் நுரையீரலில் எந்தக் குறையும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. மாமனின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. பொன்னாயி அப்போதுதான் பிள்ளையின் காதைப் பார்த்தாள்.

பந்தியில் எல்லாருக்கும் பொதுவான டம்ளர்கள் சுற்றி வந்தன. ராசாங்கத்தின் இலைக்கு முன்னால் மட்டும், மஞ்சள் தண்ணீரில் கழுவிய புத்தம்புதிய எவர்சில்வர் டம்ளரை ஆண்டாயியே கொண்டுவந்து பயபக்தியோடு வைத்தார். கொல்லைச் சுவரில் தனியே தொங்கிய அலுமினிய டம்ளர் ராசாங்கத்தின் நினைவுக்கு வந்தது. ஊர் அவரைத் தள்ளி வைக்கவும் தூக்கி வைக்கவும் தனி டம்ளரைத் தவிர வேறு வழி கண்டுபிடித்திருக்கவில்லை.

அழுது ஓய்ந்த பிள்ளை, தாகத்தோடு அவர் மடியில் தாவி அந்த டம்ளரைப் பற்றி, வாய் வைத்துப் பாதியைக் குடித்தான். யாரும் தடுக்கவில்லை. மீதியை ராசாங்கம் அவன் குடித்த இடத்திலேயே வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினார். ஆண்டாயி விலகாமல் நின்று, டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் மிச்சம் வையி தம்பி. முழங்காலுக்கு."

ராசாங்கம் அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"தீந்துபோச்சுங்க அத்தே. முழங்காலுக்கு அந்தத் திருச்சி சார்கிட்டயே போங்க, நல்லா நடக்க வுடுவாரு" என்று முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னார்.