கண்ணாயி சுரண்டிய சுவர்

கரடிவளவில் கண்ணாயியின் கை படாத சுவர் கிடையாது. மலைமேல் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து மிளகுத் தோட்டங்களுக்குள் இறங்கினால் அந்தச் சின்ன வளவு வரும். எல்லாம் மண்சுவர் வீடுகள், எல்லாம் பளீரென்ற வெள்ளை. மலை சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள்.

அந்த வெள்ளை கடையில் வாங்கியதல்ல. வளவுக்கு மேலே சரிவில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழி மண்ணைக் கையில் பிட்டால் பொடியாகாது, நூல் நூலாகப் பிரியும். "நூல் விடுற மண்ணுதானுங்க சுவத்துல நிக்கும்" என்பாள் கண்ணாயி. அதைக் கரைத்து, கற்றாழை நாரில் கட்டிய மட்டையால் பூசுவார்கள்.

பூசுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு போன வருஷத்துப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த புது மருமகள்தான் சுரண்டுவாள். மாமியார் தேய்ந்த அரிவாள் ஒன்றை அவள் கையில் கொடுப்பாள். சுரண்டி முடியும்வரை சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. கதவையும் சாத்திவிட வேண்டும், சுவர் அம்மணமாக நிற்பதை வெளியாள் பார்க்கக் கூடாதாம்.

கண்ணாயி இதே மலையின் குண்டூர் நாட்டிலிருந்து பதினாறு வயதில் அங்கே வாக்கப்பட்டு வந்தவள். முதல் வருஷம் அவள் சுரண்டிய சுவரைப் பார்த்துவிட்டு ஊரே மெச்சியது. மண்ணில் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு புது மருமகள் இல்லாத வீடுகளிலெல்லாம் அவளைக் கூப்பிட்டார்கள். கோயில் சுவரும் அவள் பொறுப்பானது. கணவன் அர்த்தனாரி பலா மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகன் முரளி கைக்குழந்தை. கிழங்குக் காட்டைத் தானே கொத்தினாள், மிளகு பறித்தாள், நோம்பி வந்தால் ஊர்ச் சுவர்களைச் சுரண்டினாள். யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை.

ஐம்பது தாண்டியதும் அவளுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கீழே ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு இழுத்தார்கள். இந்த மலையில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் காசநோய் என்றுதான் நினைப்பார்கள். அதற்கான மாத்திரையை ஆறு மாதம் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாள். நீர் மறுபடி கோத்தது.

அப்போதுதான் டாக்டர் கிருஷ்ணகுமாரி அவளைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்தார். கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில் நுரையீரல் பிரிவில் இருப்பவர். காசநோய் மருந்துக்கு அடங்காமல் நீர் கோப்பவர்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் ஒரே மூலையிலிருந்து. அது அவருக்கு உறுத்தியது. விலாவில் துளை போட்டு, உள்ளே பார்த்து, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நான் கண்ணாயியின் பக்கத்தில் இருந்தேன். இந்த மலையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, குணமாகாத நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கும் வேலை எனக்கு.

உறையில் புற்றுநோய். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியைப் பல வருஷம் சுவாசித்தவர்களுக்கு வருவது.

"கல்நார் ஷீட் செய்யற கம்பெனியில வேலை பார்த்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கூட்டுக் கூரையிலயே ஷீட்டு இல்லீங்க."

"கப்பல் உடைக்கிற இடத்துல? துறைமுகத்துல?"

கண்ணாயி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க நர்சம்மா, அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு அந்தப்பக்கம் நான் போனதே இந்த அம்மாவைப் பார்க்கத்தான். ராசிபுரத்துக்குக் கப்பல் வருதுங்களா?"

டாக்டர் சிரித்தார். அடுத்த வாரமே மலையேறி வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தார், பிறகு குழியைப் போய்ப் பார்த்தார். மண்ணை நனைத்து, இரண்டு கவரில் போட்டு எடுத்துப் போனார். அதில் கல்நார் இழை இருந்தது.

கண்ணாயிக்கு நான் எதையும் மறைக்கவில்லை. குணமாகாது, நீரை அவ்வப்போது வடிக்கலாம், வலிக்கு மருந்து தரலாம், அவ்வளவுதான் என்றேன். விலாவில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை நான் போய் அதில் பாட்டிலை மாட்டி நீரை எடுப்பேன். கடுங்காப்பி நிறத்தில் வரும்.

தன்னைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுமித்ராவைப் பற்றித்தான் கேட்டாள். முரளிக்குத் தை மாதம் கல்யாணமாகி வந்த பெண். வரும் நோம்பிக்குச் சுரண்ட வேண்டிய முறை அவளுடையது.

"அவ அருவாளைத் தொடக் கூடாதுங்க. அதை மட்டும் நான் பார்த்துட்டுப் போயிட்டாப் போதும்."

ஊர்க்கூட்டம் போட வைத்தாள். டாக்டரையும் வரச் சொன்னாள். குழாயைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, இடையிடையே உட்கார்ந்து, கோயிலடி வரை நடந்தே போனாள்.

ஊர்க்கவுண்டர் சின்னுசாமி அவளுக்கு மாமன் முறை. நல்ல மனுஷர், சத்தம் மட்டும் பெரிது.

"அப்பாரு காலத்துல இருந்து பூசுற மண்ணு அம்மிணி. அவங்கெல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"செத்துத்தான் போயிட்டாங்க மாமா. யாரு இருக்கா, காட்டுங்க."

கூட்டம் சிரித்தது. கவுண்டரும் சிரித்தார். கண்ணாயி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க மாமியா மூச்சு வாங்கித்தான் போச்சு. உங்க ஊட்டுக்காரியும் அப்படித்தான் போச்சு. மறந்துட்டீங்களா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். குழியை முள் போட்டு அடைப்பது, இந்த வருஷம் எல்லோரும் கடை பெயிண்ட் அடிப்பது என்று முடிவானது. டாக்டர் எழுந்து, இருக்கிற பூச்சைச் சுரண்டவே கூடாது, அதன் மேலேயே அடிக்கலாம், தொட வேண்டி வந்தால் நன்றாக நனைத்துவிட்டுத் தொட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். கவுண்டர் தலையாட்டினார். கண்ணாயி அன்று ஒரு கரண்டிக் களி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நோம்பிக்கு முந்தைய வாரம் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். மிளகுத் தோட்டம் தாண்டும்போதே சத்தம் கேட்டது. சர், சர் என்று, எல்லாத் திசையிலிருந்தும். ஒரு வீட்டின் கதவும் திறந்திருக்கவில்லை. கதவிடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை போலக் கசிந்துகொண்டிருந்தது.

கண்ணாயியின் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. சுமித்ரா வெளியே நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். முரளி பெயிண்ட் வாங்கக் கீழே போயிருந்தான்.

"அத்தை உள்ள தாழ் போட்டுக்கிச்சுங்க நர்சம்மா. நான்தான் சுரண்டிட்டு இருந்தேன். கொட்டாயில படுத்திருந்தது எந்திரிச்சு வந்து அருவாளைப் புடுங்கிக்கிச்சு."

"உன்னை யார் சுரண்டச் சொன்னது?"

"சுரண்டாத ஊட்டுக்கு முன்னால கரகம் நிக்காதுன்னு கவுண்டர் ஐயா சொல்லிட்டாருங்க. வந்த முதல் வருஷமே ஆத்தா என் வாசல்ல நிக்காமப் போனா என்னங்க பண்றது?"

நான் கதவில் தட்டினேன். "கண்ணாயி, திற."

உள்ளே சுரண்டும் சத்தம் நின்றது. ஒரு பெரிய இழுப்பு. பிறகு குரல் வந்தது. "வேலை ஆவுதுங்க."

"பாட்டில் மாட்டணும்."

"அது எங்க ஓடிப்போவுது? இருங்க."

"தூசி உள்ளே நிறைஞ்சு கிடக்குது. வெளியே வா."

"எனக்கு இனிமே என்னங்க ஆயிரும்? ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. இந்த ஊட்டு மருமவ சுரண்டோணும், அவ்வளவுதானே? நானும் இந்த ஊட்டு மருமவதான்."

மறுபடி சர், சர். நாலு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தினாள். இதமாகப் பேச அது நேரமில்லை.

"நீ சுரண்டுறது எங்கே போய் உட்காரும்னு நினைச்சே? பாயில, சாமைக் குதிர்ல, தரையில. அவ ராத்திரி அங்கேதான் படுக்கணும். நீ செத்த பிறகு அவதான் அதைக் கூட்டணும்."

சத்தம் நின்றது.

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

"தண்ணி ஊத்தணும். சுவத்துல, தரையில, எல்லாத்துலயும்."

"ஆத்தா..."

"நான் ஊத்துறேன். நான் வெளியாள். ஆத்தா கேட்டா என்னைக் கேட்கட்டும்."

தாழ் விலகியது. அவள் இமை முதல் கால் நகம் வரை வெள்ளையாக இருந்தாள். உதடு மட்டும் நீலம். வாசலில் உட்கார வைத்து, ஈரத் துணியால் துடைத்து, பாட்டிலை மாட்டினேன். பிறகு மூக்கில் நனைத்த துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். சுமித்ராவை வாசலைத் தாண்ட விடவில்லை. அவள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நான் ஊற்றினேன்.

தண்ணீர் ஓடிவருவதைப் பார்த்துக் கவுண்டர் ஓடிவந்தார்.

"என்ன காரியமுங்க பண்றீங்க?"

"ஏன் சுரண்டச் சொன்னீங்க? டாக்டரம்மா கூடாதுன்னு உங்க முன்னாலதானே சொன்னாங்க?"

"அவங்கதானுங்களே கெட்ட மண்ணுன்னாங்க? கெட்டதைச் சுவத்துல வெச்சுக்கிட்டு மேல பெயிண்ட் அடிச்சா ஆத்தா ஏத்துக்குவாளா? அதனாலதான் இந்தத் தடவை ஒரு பொட்டு விடாம, அடி மண்ணு தெரியற வரைக்கும் எடுங்கன்னேன்."

மற்ற வருஷங்களில் மேல் பூச்சை மட்டும் எடுப்பார்கள். இந்த வருஷம் பாட்டன் காலத்துப் பூச்சு வரை எடுத்திருந்தார்கள். நான் அவரிடம் கத்தவில்லை. சுவரில் கிடக்கும்வரை அது சும்மா கிடக்கும், காற்றில் ஏறினால்தான் கொல்லும் என்று சொன்னேன். அவர் அங்கேயே குந்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து, ஒரு பெண் துடைப்பத்தால் வெள்ளைப் பொடியை வாசலுக்குத் தள்ளினாள். கவுண்டர் எழுந்து, "நனைங்க, நனைங்க" என்று வீடு வீடாக ஓடினார். அதற்குள் பெரும்பாலான வீடுகளில் வேலை முடிந்திருந்தது.

நோம்பியன்று கரகம் கண்ணாயியின் வாசலில் நிற்கவில்லை. சுரண்டி முடியாத சுவரில் தண்ணீர் பட்ட வீடு என்று பூசாரி கடந்து போய்விட்டார். கண்ணாயி கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சுமித்ரா அழுதாள்.

"போவுது போ கண்ணு," என்றாள் கண்ணாயி. "ஆத்தாளுக்கும் தூசி ஆகாது போல."

நோம்பிக்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வலி மருந்தை இரட்டிப்பாக்கினோம். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் மூச்சு மிகவும் சிரமம், அதை அழகாகச் சொல்ல என்னால் முடியாது.

டாக்டர் கிருஷ்ணகுமாரி அந்த வருஷம் சுரண்டிய பெண்களையெல்லாம் வேன் வைத்துக் கீழே அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். எல்லோருக்கும் நெஞ்சு சுத்தமாக இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. "நல்லா இருக்குன்னுதானே சொல்றீங்க? அப்புறம் எதுக்குங்க வருஷா வருஷம் வரச் சொல்றீங்க?"

இந்த நோய் தூசி உள்ளே போய் முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும் என்று டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று இப்போது தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றார். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். வேனில் வந்ததை மறந்துவிட்டாள்.

சுமித்ரா மட்டும் என் பக்கம் வந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது.

"அத்தை புடுங்குறதுக்கு முந்தி நான் ஒரு கதவு அகலம் சுரண்டியிருப்பேனுங்க. அது போதுமா, வர்றதுக்கு?"

"மற்றவங்களைவிடக் கம்மி" என்றேன். "இல்லேன்னு சொல்ல முடியாது."

அவள் அடுத்த வருஷம் எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.