தாலி ஏறிய கார்

தம்பியின் கலியாணத் தாலியும் கூறைச்சேலையும் என் காரில் இருந்தன. றிச்மண்ட் ஹில் மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரமே இருந்தது. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே கார் பனிக்குவியலில் புதைந்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் சில்லுகள் சுற்றவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கொன்று மின்னியது.

"கார் பழுது," என்றேன்.

"பழுதில்லையப்பா. சில்லு வழுக்குது எண்டு அதுவே இஞ்சினை அடக்குது. உந்த ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி. அவள் லைசன்ஸ் எடுத்து ஒரு மாதம். பரீட்சைக்கு முன் காரின் கைநூலை அவள் முழுதும் வாசித்தபோது நான் சிரித்திருந்தேன்.

"பனிக்குள்ள அதை நிப்பாட்டக்கூடாது. உமக்கென்ன தெரியும்?"

"அப்ப தாலியை நடந்து கொண்டுபோய்க் குடுங்கோ. இல்லாட்டி இறங்குங்கோ."

இறங்கினேன். அவள் சுவிட்சை அமர்த்தி, காரை மெதுவாக முன்னும் பின்னுமாக அசைத்தாள். நான்காம் முறை சில்லுகள் பிடித்தன; கார் தெருவுக்கு ஏறியது. உடனே சுவிட்சை மறுபடி போட்டாள்.

"புதைஞ்சா மட்டும்தான் நிப்பாட்டுறது. ஓடேக்க வேணும். ஏறுங்கோ, மாப்பிள்ளைத் தமையன்!"

மண்டபம்வரை அவளே ஓட்டினாள். கெட்டிமேளம் நேரத்துக்கு முழங்கியது.

பதினெட்டு வருடம் ஓட்டிய நான், அன்று தாலிப் பெட்டியை மடியில் வைத்தபடி பக்கத்து இருக்கையில் இருந்தேன். வழிநெடுக அவளுக்கு ஒரு திருத்தமும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.